எஞ்சின் நின்ற பிறகு: சிறிய விமானத்தைக் கட்டாயமாகத் தரையிறக்குவது எப்படி

ஒற்றை எஞ்சின் விமானத்தில் எஞ்சின் நின்றுபோனால் விமானம் கல்லைப் போல விழுந்துவிடாது. உயரத்தைச் செலவழித்து வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வரை இறக்கைகள் தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். செஸ்னா 172 என்ற சிறிய விமானம் காற்றில்லாத நேரத்தில் 1 அடி இறங்குவதற்குள் சுமார் 9 அடி முன்னே போகும். 1000 அடி உயரம் கையில் இருந்தால் ஏறத்தாழ 1.5 கடல் மைல் தூரம், 80 விநாடி நேரம். 3000 அடி என்றால் சுமார் 4 நிமிடம். நினைப்பதைவிட இது அதிக நேரம், வீணடித்தால் மிகக் குறைந்த நேரம்.

எஞ்சின் நின்ற விபத்துகளில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் எஞ்சின் அல்ல. தாழ்வான உயரத்தில் வேகம் குறைந்து, ஸ்டால் ஆகி (இறக்கை விமானத்தைத் தாங்கும் திறனை இழந்து), ஓர் இறக்கை சாய்ந்து, தலைகுப்புறத் தரையில் மோதுவதுதான். கரடுமுரடான நிலமாக இருந்தாலும் இறக்கை சமமாக, வேகம் குறைவாக, விமானம் கட்டுப்பாட்டில் இருக்கும்படி தொட்டால் உள்ளே இருப்பவர்கள் நடந்து வெளியே வர நல்ல வாய்ப்பு உண்டு. கீழே சொல்லும் எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான். உங்கள் விமானத்தின் கையேட்டில் எண்களோ வரிசையோ வேறாக இருந்தால் கையேடு சொல்வதையே பின்பற்றுங்கள்.

முதல் 5 விநாடி: மூக்கு

எஞ்சின் சத்தம் அடங்கியதும் கை தானாகக் கன்ட்ரோலைப் பின்னால் இழுக்கப் பார்க்கும். தரையிலிருந்து விலகிப் போகச் சொல்லும் உடம்பின் இயல்பு அது. அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். மேலேறிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றால் மூக்கு உயர்ந்திருக்கும், முன்னே இழுக்கும் விசை போய்விட்டிருக்கும், சில விநாடிகளிலேயே வேகம் சரியும். தயங்காமல் மூக்கைத் தாழ்த்துங்கள். மெதுவாக, தாழ்த்தியும் தாழ்த்தாமலும் விட்டால் போதாது. அடிவானத்துக்குக் கீழே தெளிவாகப் போகும் அளவுக்குத் தாழ்த்த வேண்டும்.

கிடைமட்டமாகப் பறக்கும்போது நின்றால் நிலைமை கொஞ்சம் இலகு. 172 வழக்கமாக 100 நாட்டுக்கு (மணிக்கு 100 கடல் மைலுக்கு) மேல் போய்க்கொண்டிருக்கும். உயரத்தை விடாமல் பிடித்திருங்கள். வேகம் தானாகக் குறைந்து கிளைடு வேகத்துக்கு (எஞ்சின் இல்லாமல் அதிக தூரம் மிதந்து போகும் வேகம்) வந்ததும் மூக்கை அதற்கேற்பத் தாழ்த்தி, கன்ட்ரோலைப் பிடிக்காமலே அந்த நிலை நிற்கும்படி டிரிம் செய்துவிடுங்கள். டிரிம்மை ஒதுக்கிவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். டிரிம் சரியாக இருந்தால், நீங்கள் எரிபொருள் வால்வைப் பார்க்கக் குனியும் நேரத்திலும் விமானம் வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும்.

கிளைடு வேகம் மனப்பாடமாக இருக்க வேண்டும். செஸ்னா 152-க்கு 60 நாட், 172எஸ் ரகத்துக்கு 68, பைப்பர் வாரியருக்கு 73. இவை முழு எடைக்கான எண்கள். எடை குறைந்தால் இந்த வேகமும் குறையும், எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. 2550 பவுண்டில் 68 நாட் என்றால், தனியாளாகக் குறைந்த எரிபொருளுடன் 2000 பவுண்டில் சுமார் 60 நாட்தான். எதிர்க்காற்று பலமாக இருந்தால் சில நாட் கூட்டிப் பறப்பது பலன் தரும், பின்காற்றில் கூட்டத் தேவையில்லை. புரொப்பெல்லரின் சாய்வை மாற்றக்கூடிய விமானத்தில், எண்ணெய் அழுத்தம் மிச்சம் இருந்தால் புரொப்பெல்லர் நெம்புகோலை முழுவதும் பின்னால் இழுத்துவிடுங்கள். காற்றில் சுழலும் தகடுகளின் இழுப்பு குறைந்து கிளைடு தூரம் கூடுவது உடனே தெரியும்.

ஒன்றை மனதில் ஆழமாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள்: கிளைடு வேகத்தில் மூக்கை இன்னும் தூக்கினால் விமானம் தொலைவு போகாது. வயல் எட்டாதது போலத் தோன்றும்போது மூக்கைத் தூக்கினால் முதல் சில விநாடி மிதப்பது போல இருக்கும். பிறகு காற்றின் எதிர்ப்பு ஏறி, முன்பைவிடச் செங்குத்தாக இறங்கும். எட்டாத இடத்தை மூக்கால் எட்ட முடியாது.

புறப்பாட்டில் நின்றால்

ஓடுபாதையை விட்டெழுந்து சில நூறு அடி ஏறியதும் நிற்பதுதான் மிக ஆபத்தானது. அங்கே யோசிக்க நேரமில்லை. அதனால் யோசனையைத் தரையிலேயே முடித்துவிட வேண்டும். புறப்படுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஓடுபாதையில் ஓடும்போது நின்றால் த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) மூடி பிரேக்; எழுந்த பிறகு, ஓடுபாதை மிச்சம் இருந்தால் அதிலேயே இறக்கம்; அதற்கு மேல், நேராக முன்னே, இடவலம் 30 பாகைக்குள் இருப்பதில் சிறந்த இடம்; இந்த உயரத்துக்குக் கீழே திரும்புவதில்லை. அந்த உயரம் எது என்பது விமானத்துக்கும் காற்றுக்கும் விமானிக்கும் மாறும். பயிற்சியாளருடன் பாதுகாப்பான உயரத்தில் பறந்து அளந்து பார்த்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும், யாரோ சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஓடுபாதைக்குத் திரும்பிப் போவது ஏன் இவ்வளவு கடினம்? 180 பாகை திரும்பினால் நீங்கள் ஓடுபாதைக்கு இணையாக, பக்கத்தில் தள்ளி இருப்பீர்கள். அதன் மேல் வர இன்னும் திரும்பி, பிறகு மறுபக்கம் திருத்த வேண்டும். மொத்தத்தில் 180-ஐ விட நிறையவே அதிகம். 45 பாகை சாய்வில் 70 நாட்டில் திரும்பினால் வட்டத்தின் ஆரம் சுமார் 430 அடி. ஆனால் அந்தச் சாய்வில் ஸ்டால் வேகம் 19 சதவீதம் ஏறும். 60 பாகையில் 41 சதவீதம். சாய்வைக் குறைத்தால் ஸ்டால் விலகும், ஆனால் வட்டம் பெரிதாகி உயரம் கரையும். அதோடு, என்ன நடக்கிறது என்று மூளைக்கு உறைக்கவே 3, 4 விநாடி ஆகும். எதிர்க்காற்றில் புறப்பட்டவர் திரும்பியதும் அதே காற்று முதுகில் தள்ளும், தரைமேல் வேகம் கூடும், ஓடுபாதையின் முடிவு வேகமாக நெருங்கி வரும்.

முழுவதுமாக நிற்காமல் பாதி சக்தியோடு எஞ்சின் இருமிக்கொண்டிருப்பது இன்னும் சூழ்ச்சியானது. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆணையம் 2000 முதல் 2010 வரை ஒற்றை எஞ்சின் விமானங்களின் புறப்பாட்டுச் சம்பவங்களைத் தொகுத்துப் பார்த்தது. சக்தி பகுதியளவு குறைந்தவை 242. அவற்றில் 9-இல் உயிர்ச்சேதம். முழுவதுமாக நின்றவை 75. அவற்றில் ஒன்றில்கூட உயிர்ச்சேதம் இல்லை. எஞ்சின் ஓடுகிறதே என்ற நம்பிக்கை விமானியைத் திரும்பவும் மூக்கைத் தூக்கவும் ஆசைகாட்டுகிறது. பாதி சக்தி கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் அடுத்த விநாடி அது நின்றுவிடும் என்று வைத்துக்கொண்டே ஒவ்வொரு திருப்பத்தையும் முடிவு செய்யுங்கள். கிளைடு வேகத்துக்குக் கீழே போகாதீர்கள்.

இடம் தேர்வு

தொலைவில் தெரியும் அழகான வயலைவிட இறக்கைக்கு அருகே இருக்கும் சுமாரான வயல் மேல். நேர் கீழேயும் பின்னாலும் பாருங்கள். பலர் முன்கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்து, சற்றுமுன் கடந்துவந்த நல்ல இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

முதலில் காற்று. புகை, புழுதி, பயிரின் அலை ஆகியவை திசை சொல்லும். குளத்தில் காற்று வரும் கரையோரம் நீர் சலனமில்லாமல் கண்ணாடி போல இருக்கும். காற்றை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும் என்றால், கணக்கு அப்படி. 45 நாட்டில் தொடும் விமானம் 10 நாட் எதிர்க்காற்றில் தரைமேல் 35 நாட். அதே காற்று பின்னால் என்றால் 55. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் போவதால் பின்காற்றில் அது ஏறத்தாழ இரண்டரை மடங்கு.

அடுத்து நீளம், பிறகு மேற்பரப்பு. அறுவடை முடிந்த கட்டை நிலமும் மேய்ச்சல் புல்லும் நல்லவை. உயரமான பயிர் உள்ளே வாய்க்காலை மறைக்கும், சக்கரங்களைப் பிடித்து இழுக்கும். புதிதாக உழுத மண்ணில் மூக்குச் சக்கரம் புதையும். வேறு வழியில்லை என்றால் உழவுச் சாலுக்கு இணையாக இறங்குங்கள், அதற்காகக் கொஞ்சம் பக்கக்காற்றை ஏற்றுக்கொள்ளலாம். மேலிருந்து சரிவு தெரியாது. உங்கள் கண்ணுக்கே சரிவு தெரிகிறது என்றால் அது பெரிய சரிவு. அப்போது மேட்டை நோக்கி இறங்குங்கள்.

மின்கம்பிகள் உயரத்திலிருந்து தெரியவே தெரியாது. கம்பியைத் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள். கம்பங்களின் நிழலையும் மரங்களுக்கிடையே நேர்கோட்டில் வெட்டப்பட்ட பாதையையும் பாருங்கள். தனியாக ஒரு வீடோ கொட்டகையோ இருந்தால் அதற்கு எங்கிருந்தோ கம்பி வருகிறது. சாலைகள் மேலிருந்து ஓடுபாதை போலத் தோன்றி ஏமாற்றும். ஓரத்தில் கம்பங்கள், குறுக்கே கம்பிகள், பலகைகள், எதிரே வண்டிகள். வெறிச்சோடிய அகலமான சாலை என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய வயலே நல்லது.

எஞ்சினை மீண்டும் எழுப்ப முயல்வது

வேகம் பிடித்தாயிற்று, இடத்தை நோக்கித் திரும்பியாயிற்று என்றால் மட்டும் இதற்கு வாருங்கள். பெரும்பாலான காரணங்கள் காக்பிட்டுக்குள்ளேயே தீர்பவை: காலியான டேங்கைத் தேர்ந்திருப்பது, தவறான மிக்ஸ்சர் (காற்றோடு எரிபொருள் கலக்கும் அளவு), அவற்றைக் கலக்கும் கார்புரேட்டரில் பனி.

கார்புரேட்டர் எஞ்சின் என்றால் கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் குமிழ்) முதலில் இழுங்கள். அதற்கு வெப்பம் தருவது எஞ்சினின் புகைக்குழாய். எஞ்சின் நின்றால் குழாய் சீக்கிரம் ஆறிவிடும், பிறகு இழுத்துப் பயனில்லை. பனி பிடிக்கக் குளிர்காலம் தேவையில்லை. எரிபொருள் ஆவியாவதாலும் காற்று விரிவதாலும் கார்புரேட்டரின் குறுகிய பகுதியில் வெப்பம் 20 பாகைக்கு மேல் குறையலாம். எனவே 20 பாகை செல்சியஸில் ஈரப்பதமான நாளிலும், த்ராட்டில் குறைவாக இருந்தால் அதைவிட வெப்பமான நாளிலும் அது நிகழும். சுழற்சி மெல்ல மெல்லக் குறைந்து நின்றிருந்தால் சந்தேகம் இங்கேதான். ஹீட்டை இழுத்ததும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் மோசமாக இருமும். உருகிய நீரை அது விழுங்குகிறது. பலர் இந்த இருமலுக்குப் பயந்து ஹீட்டைத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளாதீர்கள், முழுவதுமாக இழுத்தபடியே வைத்திருங்கள்.

பிறகு எரிபொருள் வால்வு. செஸ்னா 172-இல் இரண்டு டேங்குக்கும் பொதுவான நிலை உண்டு, அதில் வையுங்கள். பைப்பரில் அது கிடையாது, நிறைந்த பக்கத்துக்கு மாற்றுங்கள். துணைப் பம்ப் இருந்தால் ஆன் செய்யுங்கள். மிக்ஸ்சர் முழுவதும் உள்ளே. பிரைமர் (எஞ்சினைத் தொடங்க எரிபொருள் பீய்ச்சும் கைப்பம்ப்) பூட்டியிருக்கிறதா பாருங்கள். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோக்களின் சாவி இரண்டிலும் இருக்க வேண்டும். எஞ்சின் கடுமையாக உதறினால் இடது மட்டும், வலது மட்டும் என்று முயன்று, எதில் சீராக ஓடுகிறதோ அதிலேயே விடுங்கள். புரொப்பெல்லர் காற்றில் சுழன்றுகொண்டிருந்தால் ஸ்டார்ட்டர் வேண்டாம்.

இதை ஒருமுறை முழுதாகச் செய்யுங்கள், உயரம் இருந்தால் செக்லிஸ்ட்டைக் கையில் எடுத்து இன்னொருமுறை. 1000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் கையை எடுத்துவிடுங்கள். பெரிய சத்தத்துடன் நின்றது, கண்ணாடியில் எண்ணெய் தெறிக்கிறது, புரொப்பெல்லர் அசையாமல் நிற்கிறது என்றால் இந்த முயற்சியே தேவையில்லை. தீ என்றால் மீண்டும் எழுப்பவே கூடாது: மிக்ஸ்சரை முழுவதும் வெளியே இழுத்து, எரிபொருள் வால்வை மூடி, பம்ப்பையும் மின்சாரம் முழுவதற்குமான மாஸ்டர் ஸ்விட்ச்சையும் அணைத்து, கேபின் ஹீட்டரையும் மூடி வேகமாகக் கீழிறங்குங்கள். 172எஸ் கையேடு இதற்கு 100 நாட் தருகிறது.

ரேடியோவும் பயணியும்

ஏற்கெனவே ஒரு நிலையத்துடன் பேசிக்கொண்டிருந்தால் அதே அலைவரிசையில் சொல்லுங்கள், இல்லையென்றால் 121.5 மெகாஹெர்ட்ஸ் என்ற அவசர அலைவரிசையில். மேடே மூன்று முறை, விமானத்தின் அழைப்புப் பெயர், எஞ்சின் நின்றுவிட்டது, எங்கே இருக்கிறீர்கள், எத்தனை பேர். ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 7700 என்ற அவசர எண். அவர்கள் கேள்வி கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டும் என்றில்லை, பறப்பதுதான் முதல் வேலை.

பயணியிடம் குறைந்த சொற்களில்: இருக்கையை நிமிர்த்து, இடுப்புப் பட்டையையும் தோள் பட்டையையும் இறுக்கு, கண்ணாடி, பேனா போன்றவற்றைக் கழற்று, கதவு இப்படித் திறக்கும். பட்டை ஏன் இறுக்கமாக இருக்க வேண்டும் என்றால், 45 நாட்டில் மோதும் விமானம் 9 ஜி (புவியீர்ப்பைப் போல 9 மடங்கு) அளவுக்குச் சீராக வேகம் தணிய 3 மீட்டர் தூரம் போதும். இறக்கையும் சக்கரமும் நசுங்கி அந்தத் தூரத்தைத் தரும். பட்டை தளர்ந்திருந்தால் உடம்பு அதைத் தனியாக முகப்புப் பலகையில் தேட வேண்டியிருக்கும். 90 நாட்டில் அதே தணிவுக்கு 12 மீட்டர் தேவை.

வயலை நோக்கி வருவது

ஓடுபாதையில் இறங்கப் பழகிய சுற்றையே பயன்படுத்துங்கள். உயரம் அதிகமாக இருந்தால் தொடும் இடத்துக்கு அருகிலேயே வட்டமிட்டு உயரத்தைக் கழியுங்கள், தூரமாகப் போய்க் கழிக்காதீர்கள். தரையிலிருந்து 1000 அடியில், தொடும் இடம் இறக்கைக்கு நேர் பக்கத்தில் வரும்படி பின்காற்றுப் பாதையில் (இறங்கும் கோட்டுக்கு இணையாக, காற்று முதுகில் இருக்க, எதிர்த்திசையில் போகும் பாதை) இருக்க வேண்டும். அங்கிருந்து காற்றில்லாமல், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் தகடு) இல்லாமல் மிச்சமிருக்கும் பாதை சுமார் 9000 அடி. காற்றுக்குக் குறுக்கே போகும் குறுக்குப் பாதைக்கு 3000, காற்றை எதிர்த்து வயலுக்கு நேராக வரும் இறுதிப் பாதைக்கு 3000 என்று வைத்தால், திருப்பங்கள் தின்பதும் இறுதியில் எதிர்க்காற்று தின்பதும் போக, பின்காற்றில் நீட்டிக்கொண்டு போக ஏதும் இல்லை. வழக்கமான சுற்றில் திரும்பும் இடத்துக்கு முன்பே திரும்புங்கள்.

வயலின் தொடக்கத்தை நோக்கி வராதீர்கள். முதலில் நீளத்தின் மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருக்கும் புள்ளியைக் குறிவையுங்கள். கட்டாயம் எட்டும் என்று உறுதியான பிறகே ஃபிளாப் போட்டு அந்தப் புள்ளியை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். கூடுதல் உயரத்தை ஃபிளாப்பாலும் ஸ்லிப்பாலும் (விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிடுவது) கரைக்கலாம், குறைந்த உயரத்தை எதனாலும் கூட்ட முடியாது. 172எஸ்-இல் 20 பாகைக்கு மேல் ஃபிளாப் இருக்கும்போது கடுமையான ஸ்லிப் வேண்டாம் என்கிறது கையேடு, எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) ஊசலாடக்கூடும்.

எட்டுமா என்பதைக் கண்ணாடியே சொல்லும். வேகம் மாறாமல் இருக்கும்போது முன்கண்ணாடியில் குறிப்புள்ளியைப் பாருங்கள். அது கண்ணாடியில் மேலே நகர்ந்தால் நீங்கள் அதை எட்டாமல் முன்னாலேயே இறங்கப்போகிறீர்கள். கீழே நகர்ந்தால் தாண்டிவிடுவீர்கள். மேலும் கீழும் நகராமல் பெரிதாகிக்கொண்டே வரும் புள்ளிதான் நீங்கள் போய்ச் சேரும் இடம்.

குறுக்குப் பாதையிலிருந்து இறுதிப் பாதைக்குத் திரும்பும் இடத்தில்தான் பலர் இறந்திருக்கிறார்கள். காற்று தள்ளி, கோட்டைத் தாண்டிவிடுகிறது. சாய்வைக் கூட்டப் பயந்து உள்பக்க ரட்டரை (மூக்கை இடவலம் திருப்பும் கால்மிதி) அழுத்துகிறார்கள், மூக்கு தாழ்கிறது, அதைத் தூக்குகிறார்கள். உள்பக்க இறக்கை முதலில் ஸ்டால் ஆகி விமானம் சுழல்கிறது. மீள அங்கே உயரம் இல்லை. பக்கச் சறுக்கலைக் காட்டும் கருவியின் பந்தை நடுவில் வைத்து, 30 பாகைச் சாய்வுக்குள் திரும்புங்கள். கோடு தவறினால் தவறட்டும், வயலில் குறுக்காக இறங்கினாலும் பரவாயில்லை.

தொடுவதற்கு முன்

மிக்ஸ்சர், எரிபொருள் வால்வு, மேக்னெட்டோ மூன்றையும் மூடுங்கள். 172-இல் ஃபிளாப் மின்சாரத்தில் இயங்குவது. எனவே தேவையான ஃபிளாப் முழுவதும் இறங்கிய பிறகே மாஸ்டர் ஸ்விட்ச்சை அணையுங்கள். கதவுத் தாழ்ப்பாளைத் திறந்து விடுங்கள், சட்டம் கோணிக்கொண்டால் பிறகு திறக்காது. வால் சற்றுத் தாழ்ந்த நிலையில், இயன்ற அளவு குறைந்த வேகத்தில் தொட்டு, கன்ட்ரோலைப் பின்னால் இழுத்தபடி பிரேக் பிடியுங்கள்.

மரங்கள் மட்டுமே என்றால் எதிர்க்காற்றில், முழு ஃபிளாப்புடன், அடர்ந்து தாழ்ந்த கிளைகளைத் தேர்ந்து மூக்கு சற்று உயர்ந்த நிலையில் உள்ளே போங்கள். மரஉச்சிக்கு மேலே ஸ்டால் ஆக விடாதீர்கள்: 75 அடியிலிருந்து விழுந்தாலே தரையில் 40 நாட் வேகம். கடலில் அலைகளின் முகடுகளுக்கு இணையாக இறங்குங்கள். நிலையான சக்கரமுள்ள, உயர் இறக்கை விமானம் கவிழும் என்று எதிர்பார்த்துக் கதவை முன்பே திறந்து வையுங்கள். மிதவை உடையை வெளியே வந்த பிறகே ஊதுங்கள், உள்ளே ஊதினால் கூரையோடு ஒட்டிக்கொள்வீர்கள்.

நின்றதும் எல்லோரும் வெளியே, காற்று வரும் பக்கமாக விலகி நில்லுங்கள். அவசர ஒலிபரப்பியைக் கையாலேயே ஆன் செய்யுங்கள். 2009 பிப்ரவரி 1 முதல் மீட்புச் செயற்கைக்கோள்கள் 121.5-ஐக் கேட்பதில்லை, 406 மெகாஹெர்ட்ஸை மட்டுமே கேட்கின்றன. உங்கள் கருவி எது என்று இன்றைக்கே பாருங்கள். தீ ஆபத்து நீங்கிய பிறகு விமானத்தின் அருகிலேயே இருங்கள், தேடி வருபவர்களுக்கு ஆளைவிட இறக்கைதான் தெரியும்.

நிற்காமல் பார்த்துக்கொள்வதும் பழகுவதும்

எரிபொருள் அளவை மீட்டரை நம்பாமல் குச்சியால் அளவிடுங்கள். வடிகால் எல்லாவற்றிலும் மாதிரி எடுங்கள். 172எஸ்-இல் 13 இடங்கள். குடுவையை வெள்ளைப் பின்னணியில் பிடித்துப் பாருங்கள். 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல் நீலமாக இருக்கும், நீர் அடியில் குமிழாகத் தங்கும். ஆனால் குடுவை முழுவதும் நீராகவே இருந்தால் பிரிகோடு தெரியாது, பளிங்கு போலச் சுத்தமாகத் தோன்றி ஏமாற்றும். நீல நிறம் இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சியில் எஞ்சினை நிறுத்தாதீர்கள், த்ராட்டிலை மட்டும் குறையுங்கள், கார்ப் ஹீட் இழுத்தபின். ஒவ்வொரு 500 அடிக்கும் ஒருமுறை சக்தி கொடுத்து எஞ்சினைச் சூடாக வைத்திருங்கள். ஐடிலில் (மிகக் குறைந்த சக்தியில்) ஓடும் எஞ்சின் கொஞ்சம் உதவுகிறது. முழுவதும் நின்ற எஞ்சினில் கிளைடு அதைவிடச் செங்குத்தாக இருக்கும், அதைக் கணக்கில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் எந்த உயரத்தில் மேலெழுவது என்று முன்பே பயிற்சியாளருடன் பேசி முடிவு செய்யுங்கள். த்ராட்டிலை முன்னே தள்ளும்போது ஹீட்டையும் உள்ளே தள்ள மறக்காதீர்கள்.